பழைய சீலிங் பூச்சு பெயர்ந்தால்: ஒட்டுப் போடுவதா, போர்டு அடிப்பதா, மொத்தமாக இறக்குவதா?

பழைய வீட்டு சீலிங்கிலிருந்து ஒரு துண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டால், அந்தப் பள்ளத்தை எதை வைத்து அடைப்பது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. சிமென்ட் கலவையா, சுண்ணாம்பா, பி.ஓ.பி.யா (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), இல்லை எல்லாவற்றையும் மறைத்து ஜிப்சம் போர்டு அடித்துவிடலாமா? கொத்தனார் ஒன்று சொல்வார், பெயின்டர் வேறொன்று சொல்வார், இன்டீரியர் வேலை பார்ப்பவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். அவரவர் கைக்குப் பழகிய பொருளை அவரவர் சொல்கிறார்கள், அது இயல்புதான். ஆனால் முடிவு வீட்டுக்காரருடையது. அந்த முடிவை எடுக்க, விழுந்த துண்டைவிட விழாமல் இருக்கும் மீதிப் பூச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை இப்போது எது பிடித்துக்கொண்டிருக்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், எந்தப் பொருள் என்பது பாதி தீர்ந்த மாதிரிதான்.

சுவரில் பூச்சு விட்டுப்போனாலும் பல காலம் அப்படியே சாய்ந்து நிற்கும். சீலிங்கில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. 20 மி.மீ. தடிமனுள்ள சுண்ணாம்புப் பூச்சு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 முதல் 35 கிலோ இருக்கும். படுக்கைக்கு மேலே அந்த அளவு எடை எதையோ பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். லண்டனில் 1901இல் திறக்கப்பட்ட அப்போலோ தியேட்டரில், 2013 டிசம்பர் 19 அன்று நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சீலிங்கின் ஒரு பகுதி பார்வையாளர்கள் மேல் விழுந்தது. பலர் காயமடைந்தார்கள். சீலிங்கை மேலிருந்து தாங்கிய, பி.ஓ.பி.யில் தோய்த்த சணல் துணிக் கட்டுகள் வருடக்கணக்கில் இற்றுப்போயிருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. கீழிருந்து பார்த்தவர்களுக்கு அது கண்ணில் படவே வாய்ப்பில்லை.

உங்கள் சீலிங் எந்த வகை?

பழைய சீலிங் பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது, மர உத்திரங்களுக்குக் குறுக்கே மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக ஆணியடித்து, கீழிருந்து அவற்றின் மேல் சுண்ணாம்புப் பூச்சு பூசியது. சட்டங்களுக்கு நடுவே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டிருப்பார்கள். ஈரக் கலவையை அழுத்திப் பூசும்போது அந்த இடைவெளி வழியே அது மேலே பிதுங்கி, சட்டத்தின் முதுகில் மடிந்து இறுகிக்கொள்ளும். அந்த மடிப்புகள்தான் மொத்தப் பூச்சையும் தாங்கும் கொக்கிகள். கொக்கிகள் உடைந்தால், பூச்சு எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கீழே இறங்கத் தொடங்கும்.

இரண்டாவது, உத்திரங்களுக்கு மேல் செங்கல்லோ கல்லோ பாவி, அதன் அடிப்பக்கத்தில் நேராகப் பூசியது. இங்கே கொக்கி எதுவும் இல்லை, ஒட்டுதல் மட்டும்தான். மூன்றாவது கான்கிரீட் கூரை. அதன் அடியில் 6 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை சிமென்ட் பூச்சு இருக்கும். இதில் பூச்சு பெயர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைத் தனியாகப் பார்க்கலாம்.

அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட், காகிதமும் பி.ஓ.பி.யும் மாறி மாறி வைத்த அடுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றது 1894இல். இன்றைய ஜிப்சம் போர்டுக்கு அதுதான் முன்னோடி. போர்டு பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். அதனால் வீடு அதற்கு முந்தையது என்றால் மேலே இருப்பது கையால் பூசிய பூச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். பெயர்ந்த இடத்தின் விளிம்பை டார்ச் வைத்துப் பார்த்தாலே போதும், மரச்சட்டமா, செங்கல்லா, கான்கிரீட்டா என்பது தெரிந்துவிடும்.

பொருள் வாங்கும் முன் ஒரு மணி நேரம்

முதலில் தண்ணீர். பழுப்பு வளையம், பொரிந்த பெயின்ட், வெள்ளை உப்புப் படிவு இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே கசிவு இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. கசிவை நிறுத்தாமல் போடும் எந்த ஒட்டும் நிற்காது. கசிவு நின்ற பிறகும் கூரை காய வேண்டும். கனமான செங்கல், காரைக் கட்டுமானத்துக்கு 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. தோராயமான கணக்குதான், ஆனாலும் மழை நின்ற மறுவாரமே பூசக் கிளம்புகிறவர்களை நிறுத்த அது போதும்.

அடுத்து, தட்டிப் பார்ப்பது. ஏணியில் நின்று விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் இடம் கெட்டியான சத்தம் கொடுக்கும், விட்டுப்போன இடம் காலி டப்பாவைத் தட்டியது போல ஒலிக்கும். விட்டுப்போன இடங்களைப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். பிறகு உள்ளங்கையை விரித்து மெதுவாக மேலே அழுத்திப் பாருங்கள். பூச்சு அசைந்து, மேலே போய்த் திரும்ப வந்தால் கொக்கிகள் உடைந்திருக்கின்றன. இதையெல்லாம் செய்யும்போது நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். சீலிங் ஏற்கெனவே தொய்ந்து வயிறு தள்ளியிருந்தால் தட்டவே வேண்டாம். அறையைக் காலி செய்து, கீழிருந்து பலகையும் முட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

விரிசல்களையும் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் பெரும்பாலும் வெப்பமும் ஈரமும் மாறுவதால் வருவது. ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்து படி போல இருந்தால் அங்கே பூச்சு கழன்றுவிட்டது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி வைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் அது வளர்கிறதா இல்லையா என்று தெரியும். வளர்கிறது என்றால் பூச்சுக்காரரை அழைக்கும் முன் கட்டட இன்ஜினியரை அழையுங்கள்.

தட்டி முடித்ததும் பென்சில் வட்டங்களைத் தள்ளி நின்று பாருங்கள். ஒன்றிரண்டு மூலைகளில் மட்டும் வட்டம் இருந்தால் ஒட்டு வேலை. சீலிங்கின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒட்டுக்கும் மொத்த வேலைக்கும் நடுவே நிஜமாகவே யோசிக்க வேண்டியிருக்கும். முக்கால்வாசிக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பேச்சுக்கு இடமில்லை.

சுண்ணாம்பு ஒட்டு

மரச்சட்டத்திலோ செங்கல் கூரையிலோ பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்து, சேதம் ஓரிரு இடத்தில்தான் என்றால் என் தேர்வு சுண்ணாம்புதான். பழமை மேல் உள்ள பற்றினால் இதைச் சொல்லவில்லை. ஒட்டு தன்னைச் சுற்றியுள்ள பூச்சைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. வெப்பத்திலும் ஈரத்திலும் கூரை அசையும்போது இரண்டும் சேர்ந்து அசைய வேண்டும். அசையாத ஒட்டு, சுற்றியுள்ள பழைய பூச்சைத்தான் உடைக்கும். அதோடு, சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காமல் வெளியே விடும். மரம் இருக்கும் கூரையில் இது பெரிய விஷயம். ஈரம் தங்கினால் மரம் உளுத்துப்போகும்.

வேலை பொறுமையானது. விளிம்பில் தளர்ந்ததை உளியால் மெதுவாக எடுத்துவிட்டு, கெட்டியான பூச்சு வரும் இடத்தில் விளிம்பை உள்நோக்கிச் சரிவாக வெட்ட வேண்டும், புதிய கலவை பழையதன் முதுகில் போய்ப் பிடிக்கும்படி. தூசியைத் துடைத்து, மரச்சட்டத்தையும் விளிம்பையும் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் பழைய பூச்சு புதிய கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை இறுகாமல் வெறும் தூளாக நிற்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் என்பது அடிப் பூச்சுக்கான வழக்கமான விகிதம். மணல் ஒரே அளவுப் பொடியாக இல்லாமல் சிறியதும் பெரியதும் கலந்து, சொரசொரப்பாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்டு முடி, மாட்டு முடி, குதிரை முடி சேர்த்தார்கள். விரிசலைத் தடுத்து, கொக்கிக்கு வலு கொடுப்பது அந்த முடிதான். இப்போது செயற்கை நாரும் கிடைக்கிறது.

ஒரு பூச்சு 8 முதல் 10 மி.மீ. தடிமனுக்கு மேல் போகக் கூடாது. முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது விரல் நகத்தால் மட்டும் பதியும் அளவுக்கு இறுகிய பிறகு இரண்டாவது, அதன் மேல் மெல்லிய கடைசிப் பூச்சு. நடுவே சில நாட்கள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக மாறுவதுதான் சுண்ணாம்பு இறுகும் விதம், அதை அவசரப்படுத்த வழியே இல்லை. மூன்று பூச்சுக்கும் சேர்த்து இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டுக் காய வைத்தால் விரிசல்தான் மிஞ்சும்.

இதன் குறைகளும் உண்மையானவை. நேரம் அதிகம். கை பழகிய ஆள் கிடைப்பது கடினம். தலைக்கு மேல் சுண்ணாம்பு வேலை செய்யும்போது கண்ணில் பட்டால் கண்ணையே பாதிக்கும், மூடிய கண்ணாடி இல்லாமல் யாரையும் ஏணியில் ஏறவிடாதீர்கள்.

பி.ஓ.பி. ஒட்டு

ஜிப்சத்தை 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றியதுதான் பி.ஓ.பி. மறுபடி தண்ணீர் கலந்தால் நிமிடக் கணக்கில் இறுகும். சுண்ணாம்பும் சிமென்ட்டும் காயும்போது சுருங்கும், இது இறுகும்போது மிகச் சிறிதளவு விரியும். அதனால் பள்ளத்தின் விளிம்பில் மயிரிழை இடைவெளி விழுவதில்லை. காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் சின்ன ஒட்டு ஒன்றை முடித்துவிடலாம். காய்ந்த அறையில், கைப்பலகை அளவுள்ள பள்ளத்துக்கு இது நல்ல தீர்வு. வேலைக்கு ஆள் கிடைப்பதும் எளிது.

ஆனால் ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையும் பொருள். தொடர்ந்து ஈரம் படும் இடத்தில் அது மென்மையாகி வலுவிழந்துவிடும். குளியலறைக்கு மேலே, மொட்டைமாடிக் கசிவு முழுவதும் நிற்காத இடத்தில், இது வேண்டாம். இன்னொன்று, பூச்சில்லாத இரும்பு ஆணி ஈர ஜிப்சத்தில் துருப்பிடிக்கும், அந்தத் துரு சில மாதத்தில் பழுப்புப் புள்ளியாக வெளியே தெரியும். துத்தநாகம் பூசிய ஆணி, திருகு, வலை மட்டுமே போட வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. அடிப் பூச்சுகளைச் சுண்ணாம்பில் போட்டு, கடைசி மெல்லிய பூச்சில் மட்டும் இரண்டு மூன்று பங்கு சுண்ணாம்புக் குழைவுக்கு ஒரு பங்கு பி.ஓ.பி. கலப்பது. பழைய பூச்சுக்காரர்கள் சீலிங்கில் அடிக்கடி செய்தது இதுதான். சீக்கிரம் இறுகும், சுருங்காது, வழவழப்பும் நன்றாக வரும். ஆனால் பி.ஓ.பி.யைச் சிமென்ட்டோடு கலக்கவோ, பி.ஓ.பி. ஒட்டின் மேல் சிமென்ட் பூசவோ கூடாது. ஈரம் பட்டால் ஜிப்சத்தின் சல்பேட் சிமென்ட்டோடு வினைபுரிந்து ஊதிப் பெருத்து, பூச்சையே தள்ளிவிடும்.

சிமென்ட் ஒட்டு

சுண்ணாம்பு சீலிங்கில் சிமென்ட் ஒட்டு வேண்டவே வேண்டாம். இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மலிவு, உடனே கிடைக்கும், எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெரும்பாலான பழைய வீடுகளில் இதுதான் நடக்கிறது. முதல் வருடம் கல் போல நிற்கும். பிறகு ஒட்டைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடும், அதன் பிறகு ஒட்டு தன் கனத்தோடு பக்கத்துப் பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ஈரத்தை வெளியே விடாததால் உப்பும் ஈரமும் ஒட்டின் ஓரமாக, பழைய பூச்சு வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். நன்றாக இருந்த பூச்சும் அங்கே பொரியும்.

கான்கிரீட் கூரையில் கதை வேறு, அங்கே சிமென்ட்தான் சரியான இனம். ஆனால் அங்கே பள்ளத்தை அடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது கம்பி. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடமாக உள்ளே புகப் புக அந்தக் காரத்தன்மை குறையும். அப்போது ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடியிலுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். நீங்கள் பூச்சு பெயர்ந்ததாக நினைப்பது பல நேரங்களில் கான்கிரீட்டே பெயர்ந்ததுதான். உடைத்த புதிய முகத்தில் பினாப்தலீன் கரைசல் தெளித்துப் பார்த்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. கம்பி வரை நிறம் மாறவில்லை என்றால் ஒட்டு போட்டு மூடுவது ஆபத்தை மறைப்பது மட்டுமே.

அங்கே செய்ய வேண்டிய வரிசை இது: துருப்பிடித்த கம்பியின் பின்பக்கம் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளப்பு வரும் வரை சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சும், பழையதும் புதியதும் ஒட்ட ஒட்டுப்பூச்சும் அடித்து, பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டரை அடுக்கடுக்காகப் பூசுவது. கம்பி கணிசமாக மெலிந்திருந்தால், அல்லது பெயர்ந்த இடம் ஒன்றுக்கு மேல் என்றால், இன்ஜினியர் பார்க்காமல் ஒரு சட்டி கலவை கூட மேலே போகக் கூடாது. இந்த வகைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதைப் போல மோசமான முடிவு வேறில்லை. துரு வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பையும் அது எடுத்துவிடுகிறது.

கழன்ற பூச்சைத் திரும்பப் பிடிக்க வைப்பது

மரச்சட்ட சீலிங் வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. எனக்கு இதில் அக்கறை அதிகம், ஏனென்றால் காப்பாற்றக்கூடிய எத்தனையோ நல்ல சீலிங்குகள் இது தெரியாததால் இடிக்கப்படுகின்றன. கொக்கிகள் உடைந்திருக்கும், ஆனால் பூச்சு உடையாமல் ஒரே தகடாக இருக்கும். அப்படிப்பட்ட பூச்சை எடுக்க வேண்டிய அவசியமில்லை, திரும்ப மாட்டினால் போதும்.

எளிய முறையில், 30 மி.மீ. அகலமுள்ள, ஓட்டை போட்ட மெல்லிய உலோக வாஷரைத் திருகோடு சேர்த்து, பூச்சின் வழியே சட்டத்திலோ உத்திரத்திலோ மெல்ல முறுக்குவார்கள். வாஷர் பூச்சின் முகத்தோடு படிந்ததும் நிறுத்த வேண்டும், மேலும் முறுக்கினால் பூச்சு நொறுங்கும். அதன் மேல் மெல்லப் பட்டி பார்த்துவிட்டால் வெளியே தெரியாது. விரிசலின் இரு பக்கமும் இப்படிப் பிடித்துவிட்டுப் பிறகு விரிசலை அடைத்தால் அது திரும்ப வருவது அரிது.

இன்னும் நுணுக்கமான முறையில், பூச்சில் மட்டும் சட்டத்தைத் தொடும் வரை சிறு துளைகள் போட்டு, தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அக்ரிலிக் பசையைத் துளை வழியே செலுத்துவார்கள். பிறகு பிளாஸ்டிக் தகடும் திருகும் வைத்து, அல்லது கீழிருந்து பலகை முட்டுக் கொடுத்து, பசை இறுகும் வரை பூச்சை மேலே அழுத்தி வைப்பார்கள். இறுகியதும் திருகுகளைக் கழற்றிவிடலாம். பழைய ஓவியமோ பூவேலையோ உள்ள சீலிங்குக்கு இதை விட்டால் நல்ல வழி கிடையாது. மாடிப் பக்கமிருந்து மரச்சட்டத்தின் முதுகைத் தொட முடிந்தால் இன்னும் நல்லது. உடைந்து கிடக்கும் கொக்கித் துண்டுகளை உறிஞ்சி எடுத்துவிட்டு மேலிருந்தே பிடிப்பைப் புதுப்பிக்கலாம்.

எந்த முறையானாலும் சுத்தியல் கூடாது. ஒவ்வொரு அடியும் மிச்சமிருக்கும் கொக்கிகளை உடைக்கும். திருகு மட்டுமே.

பூச்சு தகடாக இல்லாமல் கையால் தேய்த்தாலே உதிர்கிறது என்றால் இந்த வழி பலிக்காது. பசைக்குப் பிடிக்க எதுவும் இருக்காது.

போர்டு: துண்டாக அல்லது முழுதாக

பள்ளம் பெரியது, ஆனால் சுற்றிலும் பூச்சு நன்றாக இருக்கிறது என்றால் ஜிப்சம் போர்டுத் துண்டு வைத்து அடைக்கலாம். பள்ளத்தை உத்திரத்தின் நடு வரை சதுரமாக வெட்டி, போர்டின் விளிம்புகள் மரத்தில் உட்காரும்படி திருக வேண்டும். பழைய பூச்சு 20 மி.மீ. தடிமன், போர்டு 12.5 மி.மீ. என்றால் மீதியை மரப்பட்டை வைத்துச் சமன் செய்ய வேண்டும். இணைப்பில் காகித நாடாவோ கண்ணாடி இழை வலை நாடாவோ ஒட்டி, தானே இறுகும் வகைப் பட்டியால் மூடுங்கள். காய்ந்து இறுகும் வகைப் பட்டி அதிகம் சுருங்கும், அதைக் கடைசி மெல்லிய பூச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேலை வேகமாக முடியும், ஈரமும் குறைவு. ஆனால் பழைய சீலிங் எப்போதும் சற்று மேடுபள்ளமாக இருக்கும், போர்டு தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் ஜன்னலோர அறையில் அந்தச் சதுரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

முழு சீலிங்குக்கும் அடியில் போர்டு அடிப்பது இன்னொன்று. பழைய பூச்சை இறக்காமலே வேலை முடியும், தூசி இல்லை, சுமை இறக்கும் வேலை இல்லை. விரிசல் மண்டிய, ஆனால் இன்னும் ஓரளவு பிடித்திருக்கும் சீலிங்குக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சில நிபந்தனைகள் உண்டு. பழைய பூச்சு கழன்று விழுந்தால் அதன் மொத்த எடையும் போர்டின் மேல்தான் உட்காரும், அதனால் முதலில் வாஷர் போட்டுப் பூச்சைப் பிடித்துவிட வேண்டும். போர்டு சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ சேர்க்கும், அதை உத்திரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். திருகு பழைய பூச்சையும் சட்டத்தையும் தாண்டி உத்திர மரத்துக்குள் குறைந்தது 25 மி.மீ. இறங்க வேண்டும், ஆகவே 65 முதல் 75 மி.மீ. நீளத் திருகு தேவைப்படும். மரச்சட்டத்தில் மட்டும் திருகிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மேல் ஓரத்துப் பூவேலை இருந்தால் அதன் அடிப்பகுதி மறைந்துபோகும். மின்விசிறியை ஒருபோதும் போர்டில் தொங்கவிடக் கூடாது, அதன் கொக்கி உத்திரத்திலேயே இருக்க வேண்டும். மின்கம்பி போகும் வழியைத் தெரிந்துகொள்ளாமல் நீளத் திருகைக் கையில் எடுக்காதீர்கள்.

மொத்தமாக இறக்குவது

முக்கால்வாசி விட்டுப்போனது, உதிர்ந்து தூளாகிறது, அல்லது மேலே மரத்தையோ மின்கம்பியையோ மாற்றியாக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் மொத்தமாக இறக்குவதற்கு நியாயம் உண்டு. பார்க்கச் சுத்தமான முடிவு போலத் தோன்றுவதால் பலர் இதை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். 12 சதுர மீட்டர் அறையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோ இடிபாடு இறங்கும். மேலே நூறு வருடத் தூசியும் கரியும் இருக்கும், வீடு முழுக்கப் பரவும். அந்தத் தூசியில் இன்னும் மோசமானதும் இருக்கலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. 1980கள் வரை போடப்பட்ட சொரசொரப்பான டெக்ஸ்சர் பூச்சுகள் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட பூச்சைத் தேய்ப்பதற்கோ உடைப்பதற்கோ முன்னால் ஒரு சிறு துண்டை ஈரப்படுத்தி எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். இது ஒட்டு வேலைக்கும் பொருந்தும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் சின்ன வேலையில்தான் யாரும் முகமூடி போடுவதில்லை.

இறக்கிய பிறகு போர்டு அடிப்பதா, திரும்பச் சுண்ணாம்பு பூசுவதா? சாதாரண அறைக்குப் போர்டு போதும். சத்தத்தைத் தடுப்பதில் மட்டும் ஒற்றைப் போர்டு பழைய கனமான பூச்சுக்கு ஈடாகாது. மாடியில் நடமாட்டம் உள்ள வீடு என்றால் இரண்டு அடுக்குப் போர்டு போட்டு, உத்திரங்களுக்கு நடுவே ராக்வூல் போன்ற இழைப் பஞ்சும் வைக்கச் சொல்லுங்கள்.

எது யாருக்கு

வெறும் மயிரிழை விரிசல் மட்டும் என்றால் பெரிய யோசனை தேவையில்லை. சிறிது கீறித் திறந்து, நாடா ஒட்டிப் பட்டி பாருங்கள். வருடா வருடம் ஒரே இடத்தில் திறந்து மூடும் விரிசலுக்கு வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் பட்டி நல்லது.

காய்ந்த அறை, ஒரு சிறு பள்ளம், சீக்கிரம் முடிய வேண்டும்: பி.ஓ.பி. அதே பள்ளம், ஆனால் ஈரம் வந்துபோகும் இடம் அல்லது வீட்டை நீண்ட காலத்துக்குப் பழைய முறையிலேயே வைத்திருக்க விருப்பம்: சுண்ணாம்பு. பள்ளத்தைச் சுற்றி வெற்று ஒலி கேட்கிறது என்றால் எந்தக் கலவைக்கும் முன் வாஷரோ பசையோ போட்டுப் பிடிக்க வைப்பது. எங்கும் விரிசல், பூவேலை எதுவும் இல்லை: முழுதாகப் போர்டு. வாடகைக்கு விடும் வீட்டில் ஆள் மாறும் இடைவெளியில் வேலை முடியவேண்டும் என்றாலும் அதையேதான் சொல்வேன், சிமென்ட் ஒட்டுக்கு அவசரத்தைக் காரணமாக ஏற்கமாட்டேன். கான்கிரீட் கூரை, கம்பி தெரிகிறது: இன்ஜினியர்.

இரண்டு வழிகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லை என்றால், பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய வழியைத் தேர்ந்தெடுங்கள். வாஷரும் சுண்ணாம்பு ஒட்டும் போட்ட சீலிங்குக்குப் பத்து வருடம் கழித்தும் போர்டு அடிக்கலாம். இறக்கிய பூச்சை யாராலும் திரும்ப மேலே ஏற்ற முடியாது.

பெயின்ட்டில் கெட்டுப்போகும் நல்ல வேலை

சுண்ணாம்பு ஒட்டின் மேல் ஈரத்தை அடைத்துவிடும் பிளாஸ்டிக் வகைப் பெயின்ட் அடித்தால் அதன் பாதிப் பயன் போய்விடும். சுண்ணாம்பு வெள்ளையோ, மூச்சுவிடும் வகைப் பெயின்ட்டோ அடியுங்கள், அதையும் பூச்சு முழுவதும் வெளுத்துக் காய்ந்த பிறகுதான். பி.ஓ.பி. சில நாட்களில் காய்ந்துவிடும். அதன் கரும்சாம்பல் திட்டுகள் மறைந்து ஒரே நிறமாகும் வரை காத்திருங்கள். முதல் பூச்சுப் பெயின்ட்டை நன்றாகத் தண்ணீர் கலந்து அடித்தால் பட்டி அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பழைய தண்ணீர்க் கறை இருந்த இடத்தில் கறைத் தடுப்பு பிரைமர் ஒரு கை அடிக்காமல் எமல்ஷன் மட்டும் அடித்தால், எத்தனை பூச்சு போட்டாலும் அந்தப் பழுப்பு வளையம் மேலே வந்துவிடும். பிரைமரைக் கறையின் எல்லையைத் தாண்டி ஒரு சாண் அகலத்துக்கு இழுத்து அடியுங்கள். சீலிங் முழுவதற்கும் ஒரே நேரத்தில், ஜன்னல் பக்கத்திலிருந்து உள்நோக்கி ரோலர் ஓட்டினால் ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியாது.